விருது கொடுக்கும் தளமா, விங்கெட்டா: மென்பொருளை எங்கிருந்து இறக்குவது?

எங்கள் ஊர்க் கணினிப் பயிற்சி மையத்தில் விண்டோஸ் கணினிகளுக்கு மென்பொருள் ஏற்றிப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. வி.எல்.சி., செவன்-ஜிப், கிம்ப், லிப்ரே ஆஃபிஸ், ஆடாசிட்டி என எல்லாமே இலவசம்தான். மாணவர்கள் வீட்டில் இவற்றை இறக்கும்போது கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படும் டவுன்லோட் தளத்துக்குள் போகிறார்கள். ‘எடிட்டர்ஸ் சாய்ஸ்’, ‘ஐந்து நட்சத்திரம்’, ‘100% சுத்தம்’ என்ற முத்திரைகளைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிடுகிறது. நான் மையத்தில் அந்தத் தளங்களை முழுவதுமாக விட்டுவிட்டு மென்பொருளை இறக்கி நிறுவும் விங்கெட் என்ற விண்டோஸ் கட்டளைக்கு வந்துவிட்டேன். மாணவர்களையும் அங்கே இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். சாஃப்டோனிக், சாஃப்ட்பீடியா, சிநெட்டின் டவுன்லோட்.காம் போன்ற பொதுத் தளங்கள் ஒன்று. மென்பொருளை எழுதியவரின் சொந்தத் தளம் இரண்டாவது. விண்டோஸ் 11-இலும் ஓரளவு புதிய விண்டோஸ் 10-இலும் கூடவே வரும் விங்கெட் என்ற கட்டளை மூன்றாவது. வேகத்திலும் செலவிலும் மூன்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. தேடிப் பிடிக்கும் வசதியில் பொதுத் தளங்கள்தான் முன்னால் நிற்கின்றன, படம் போட்டு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதோடு அவற்றின் சாதகம் முடிந்தது என்பேன்.

முதலில் விருதுகள். 2007-இல் ஆண்டி பிரைஸ் என்ற பிரிட்டிஷ் மென்பொருளாளர் ஒரு சோதனை செய்தார். ‘இந்த நிரல் எதுவுமே செய்யாது’ என்ற வரியைத் திரும்பத் திரும்ப எழுதிய ஒரு எழுத்துக் கோப்பின் பெயரை மாற்றி, நிரல் போலத் தோன்றும்படி செய்தார். அதைத் திறந்தால் ஓடக்கூட ஓடாது. ‘எனக்கு நட்சத்திரம் கொடு’ என்று கேட்கும் பெயரையே அதற்கு வைத்து, நூற்றுக்கணக்கான டவுன்லோட் தளங்களுக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் 16 தளங்கள் விருது கொடுத்துவிட்டன. ஐந்து நட்சத்திரம், ஆசிரியர் தேர்வு என்று வாழ்த்து மின்னஞ்சல்கள் வந்தன. அந்தக் கோப்பை யாராவது ஒருமுறை இருமுறை சொடுக்கிப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

இது எப்படி நடக்கிறது? ஷேர்வேர், அதாவது சோதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டும் மென்பொருள், எழுதுபவர்களின் சங்கம் ‘பேட்’ என்று ஒரு கோப்பு வடிவம் வைத்திருந்தது. மென்பொருளின் பெயர், பதிப்பு, விளக்கம், இறக்கும் முகவரி எல்லாம் அதில் இருக்கும். எழுதியவர் ஒரு கோப்பைத் தயாரித்தால் போதும், தளங்களின் நிரல்கள் அதைப் படித்துத் தாமாகப் பக்கம் உருவாக்கிக்கொள்ளும். விருது முத்திரையும் அதே வரிசையில் தானாகப் போகிறது. எழுதியவர் பெருமையோடு முத்திரையைத் தன் தளத்தில் ஒட்டுவார். அந்தப் படத்துக்குப் பின்னால் டவுன்லோட் தளத்துக்கான இணைப்பு இருக்கும். அப்படி ஆயிரம் இணைப்புகள் சேர்ந்தால் கூகுளில் அந்தத் தளம் மேலே ஏறும். பெரும்பாலான விருதுகளின் உண்மையான பயனாளி கொடுத்தவர்தான். எல்லாரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. 1990-களில் டூகௌஸ் என்ற டவுன்லோட் தளம் நட்சத்திரத்துக்குப் பதிலாக மாடுகளை வைத்து மதிப்பெண் போட்ட காலத்தில் அந்த மதிப்பெண்ணுக்கு மரியாதை இருந்தது. ஆனால் அந்த டவுன்லோட் பகுதியும் 2021-இல் மூடப்பட்டுவிட்டது.

விருது பொய் என்பதைவிட என்னை உறுத்துவது வேறு. உண்மையாகவே ஒருவர் உட்கார்ந்து சோதித்துக் கொடுத்த விருதாக இருந்தாலும், அது மென்பொருளின் பெயருக்குக் கொடுத்தது. உங்கள் கணினிக்குள் வருவது ஒரு கோப்பு. சோதித்த கோப்பும் இறங்கிய கோப்பும் ஒன்றுதானா என்பதற்கு அந்த முத்திரையில் பதில் இல்லை.

2011 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். வலையமைப்புகளைச் சோதிக்கும் என்மேப் என்ற கருவியை எழுதிய கோர்டன் லயன், டவுன்லோட்.காம் தன் கருவியை வேறொரு நிறுவிக்குள் பொதிந்து கொடுப்பதைக் கண்டுபிடித்தார். அந்த நிறுவி உலாவியில் ஒரு கருவிப்பட்டையை ஏற்றி, தேடுபொறியையும் முகப்புப் பக்கத்தையும் மாற்றப் பார்த்தது. இத்தகைய ஒட்டுண்ணி மென்பொருளை ஏற்கமாட்டோம் என்று முன்பு அறிவித்திருந்த தளம் அது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். திறமூல உலகத்தின் தாய்வீடாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜும் தப்பவில்லை. ஏமாற்று விளம்பரப் பொத்தான்களும் பொதிந்த நிறுவியும் பிடிக்காமல் கிம்ப் குழு 2013-இல் அங்கிருந்து வெளியேறியது. 2015-இல் கிம்பின் விண்டோஸ் பக்கத்தைத் தளமே கையில் எடுத்துக்கொண்டு விளம்பர நிறுவியோடு வழங்கியது. 2016-இல் தளம் கைமாறியதும் புதிய உரிமையாளர்கள் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். ஒரே பெயர், ஒரே முகவரி, சில வருடங்களுக்குள் மூன்று விதமான நம்பகத்தன்மை. இதில் ‘இது நல்ல தளம்’ என்று மனப்பாடமாக வைத்துக்கொள்வதில் என்ன பயன்?

நேர்மையாக நடத்தும் தளத்துக்கும் ஆபத்து உண்டு. எதையும் பொதிந்து விற்காத ஃபாஸ்ஹப்புக்குள் 2016 ஆகஸ்டில் ஒரு கும்பல் நுழைந்து, கிளாசிக் ஷெல், ஆடாசிட்டி நிறுவிகளுக்குப் பதிலாக வன்தட்டின் துவக்கப் பகுதியை அழிக்கும் கோப்புகளை வைத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் விங்கெட் எனக்குப் பிடித்துப்போனது. விங்கெட் தன்னிடம் மென்பொருளை வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு சிறு குறிப்புக் கோப்பு வைத்திருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் ‘விங்கெட் ஷோ’ என்று தட்டி மென்பொருளின் அடையாளப் பெயரைக் கொடுத்தால் அது திரையில் விரியும்: வெளியீட்டாளர், பதிப்பு, உரிமம், கீழே நிறுவி எந்த முகவரியிலிருந்து வருகிறது என்ற வரி, அதற்கும் கீழே எஸ்.எச்.ஏ.-256 என்ற தலைப்பில் 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீளச் சரம். அந்தச் சரம் கோப்பின் கைரேகை. கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் சரம் முழுக்க வேறாகிவிடும். இறங்கிய கோப்பின் கைரேகையைக் கணக்கிட்டுக் குறிப்பில் இருப்பதோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் விங்கெட் நிறுவாமல் நின்றுவிடும். வழியில் யாராவது கருவிப்பட்டையைச் சேர்த்துப் பொதிந்தாலும், சேவையகத்தில் புகுந்து கோப்பை மாற்றினாலும் இங்கே மாட்டிக்கொள்வார்கள். இந்த ஒரு வரிக்காகவே அத்தனை விருதுகளையும் விட்டுக்கொடுப்பேன்.

குறிப்புக் கோப்புகள் எல்லாம் நிரலாளர்கள் தங்கள் கோப்புகளைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் இருக்கின்றன. யார் எப்போது எதை மாற்றினார் என்று எவரும் பார்க்கலாம். புதிய குறிப்பு வந்தால் தானியங்கிச் சோதனை நடக்கிறது, மட்டுறுத்துநர்களும் பார்க்கிறார்கள். மென்பொருளின் பெயரை மட்டும் தட்டினால் சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்டவை வரும், அதனால் வெளியீட்டாளர் பெயரோடு சேர்ந்த முழு அடையாளத்தைக் கொடுப்பதே நல்லது.

பராமரிப்பிலும் இதுதான் கைகொடுக்கிறது. செவன்-ஜிப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. வின்ரார் நிலைமையும் அப்படித்தான். 2023-இல் வின்ராரில் இருந்த ஓட்டையை ஆகஸ்டில் 6.23 பதிப்பு அடைத்தது. அக்டோபரிலும் பழைய பதிப்பை வைத்திருந்தவர்களைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள் என்று கூகுளின் பாதுகாப்புக் குழு சொன்னது. ‘விங்கெட் அப்கிரேட்’ என்று தட்டினால் எவையெல்லாம் பழசாகிக் கிடக்கின்றன என்ற பட்டியல் வந்துவிடும்.

எழுதியவரின் சொந்தத் தளத்துக்கே நேராகப் போனால் என்ன? போகலாம், சரியான முகவரி தெரிந்தால். புட்டி.ஆர்க் என்ற முகவரி, தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் புட்டி என்ற கருவியை எழுதியவர்களுடையது இல்லை. அவர்களுடைய பழைய பக்கம் யாரும் ஊகித்துத் தட்ட முடியாத ஒரு பிரிட்டிஷ் முகவரியில் இருக்கிறது. 2023-இல் கீபாஸ் கடவுச்சொல் பெட்டகத்தின் பெயரில் கூகுள் விளம்பரம் வந்தது. சொடுக்கினால் முகவரியில் ‘கே’ எழுத்தின் கீழே ஒரு சின்னக் கீற்று மட்டும் கூடுதல். திரையில் தூசி என்று நினைத்துக் கடந்துவிடுவோம். இறங்கியது நச்சு மென்பொருள். சொந்தத் தளத்துக்குப் போகிறவர்கள் விளம்பர முடிவுகளைத் தொடாமல் இருந்தால் பாதி ஆபத்து குறையும்.

விங்கெட்டாலும் தடுக்க முடியாதது ஒன்று உண்டு. 2017 ஆகஸ்டில், கணினியில் சேரும் குப்பைக் கோப்புகளை அகற்றும் சிகிளீனரின் 5.33 பதிப்பு, தயாரித்தவர்களின் இடத்திலேயே நஞ்சு கலக்கப்பட்டு, அவர்களுடைய செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பத்தோடு வெளிவந்தது. சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போனது. ஊற்றிலேயே கெட்டுப்போனால் கைரேகை கச்சிதமாகப் பொருந்தும். அதனால் அவசரமில்லாத மென்பொருளின் புதுப் பதிப்பைச் சில நாள் பொறுத்துத்தான் ஏற்றுகிறேன். உலாவி போன்றவற்றில் பொறுக்கக் கூடாது. இந்த இடைவெளி எத்தனை நாள் இருந்தால் சரி என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

தமிழ்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. தட்டச்சுக்கு விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது. ஆனால் டி.டி.பி. கடைக்கு வேலை கொடுக்கப் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் வேண்டியிருக்கிறது. விங்கெட்டில் அவற்றை நான் பார்த்ததில்லை. விளம்பரம் மண்டிய சிறு தளங்களில்தான் கிடைக்கின்றன. அப்படி ஒரு தளத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக இருந்த ‘டவுன்லோட்’ பொத்தான் விளம்பரம், உண்மையான இணைப்பு கீழே சின்ன எழுத்தில் ஒளிந்திருந்தது. இங்கே ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்திருக்கிறேன். எழுத்துரு என்றால் டி.டி.எஃப். அல்லது ஓ.டி.எஃப். கோப்பாக வர வேண்டும், அல்லது அவை அடங்கிய ஜிப்பாக வர வேண்டும். எழுத்துரு கேட்ட இடத்தில் இ.எக்ஸ்.இ. வந்தால் திறக்காமல் அழித்துவிடுகிறேன். சந்தேகமான எந்தக் கோப்பையும் வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார்க்கிறேன், பல டஜன் வைரஸ் எதிர்ப்பிகள் ஒரே சமயத்தில் அதைச் சோதிக்கும். நிறுவி என்றால் வலது சொடுக்கி, பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பார்க்கிறேன்.

பழைய விண்டோஸ் 7 கணினிக்குப் பழைய பதிப்பு தேவைப்படுகிறவர்களுக்கு விங்கெட் உதவாது. அவர்களுக்கு மேஜர்கீக்ஸ் போன்ற பழைய தளங்களே கதி. மேக்கில் ஹோம்புரூ ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது, ஆனால் நான் அதில் அதிகம் புழங்கியதில்லை என்பதால் ஒப்பிடவில்லை.