சீட் லேப்ஸ்: நெட் போன நாளிலும் ஓடும் செக்யூரிட்டி லேப்

எம்.எஸ்சி. சைபர் செக்யூரிட்டியில் சேர்ந்த ஜூனியர்கள் எந்த ஆன்லைன் லேபுக்குச் சந்தா கட்டலாம் என்று கேட்பார்கள். பணம் கட்டும் முன் சீட் லேப்ஸ் (SEED Labs) என்ற செக்யூரிட்டிப் பயிற்சித் தொகுப்பைப் போட்டுப் பாருங்கள் என்பேன். அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வென்லியாங் டூ 2002-இல் ஆரம்பித்தது. முழுக்க இலவசம்.

எனக்குக் கல்லூரி கோயம்புத்தூரில், வீடு கோத்தகிரி பக்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் ஊரில் எங்காவது ஒரு மரம் ஒயர் மேல் விழும். கரன்ட் வந்துவிடும், நெட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். கூடலூர் நண்பர்களுக்கு இதே பாடு ஆனி, ஆடியில். பிரவுசரில் ஓடும் லேப் எல்லாம் அப்போது கைவிரித்துவிடும். சீட் லேப்ஸ் நம் லேப்டாப்புக்குள்ளேயே ஓடுகிறது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில், அவர்கள் தரும் உபுண்டுவை (லினக்ஸில் ஒரு வகை) ஏற்றினால் போதும். உள்ளே டாக்கர் கன்டெய்னர்களாக, அதாவது தனித்தனி மெஷின் போல ஓடும் குட்டிப் பெட்டிகளாக, தாக்குகிற மெஷின், அடி வாங்குகிற மெஷின், சாதாரண யூசர்கள் என்று ஒரு குட்டி நெட்வொர்க்கே இருக்கிறது. என் 8 ஜிபி லேப்டாப்பில் தாராளமாக ஓடுகிறது.

ஒன்று மட்டும் கவனம். கன்டெய்னரை உருவாக்கத் தேவையான டாக்கர் இமேஜ் முதல் தடவை நெட்டிலிருந்துதான் இறங்கும். ஊருக்குக் கிளம்பும் முன் ஹாஸ்டல் வைஃபையிலேயே, செய்யப்போகும் ஒவ்வொரு லேபையும் ஒரு தடவை பில்டு செய்து வைத்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலை ஏறிய பிறகு ஞாபகம் வந்து பிரயோஜனமில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது டிசிபி (மெஷின்கள் இணைப்பு போட்டுப் பேசும் விதிமுறை) லேப். அதில் சின் ஃப்ளட் என்று ஒரு பகுதி. இணைப்பு கேட்டு வரும் சின் பாக்கெட்டுக்குச் சர்வர் பதில் அனுப்பிவிட்டு, எதிர்ப்பக்கம் உறுதி செய்யும்வரை அதை வரிசையில் வைத்திருக்கும். பொய் முகவரிகளிலிருந்து சின் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தால் வரிசை நிரம்பிவிடும், நிஜமாக வருகிறவருக்கு இடம் இருக்காது. இவ்வளவும் பாடப்புத்தகத்திலேயே உண்டு. லேபில் தெரிவது அதற்கு மேல். பைத்தானில் எழுதிய தாக்குதல் பல நேரம் வேகம் போதாமல் தோற்றுவிடும், அதையே சி மொழியில் எழுதினால் வரிசை நிரம்பும். அப்போதும் ஏற்கனவே சர்வரோடு இணைந்து பழகிய மெஷின் மட்டும் சாவகாசமாக உள்ளே போகும்! சின் குக்கி (வரிசை நிரம்பினாலும் இணைப்பை ஏற்க உதவும் தடுப்பு முறை) அணைந்திருக்கும்போது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், பழகிய முகவரிகளுக்கென்று வரிசையில் கால் பங்கை ஒதுக்கி வைக்கிறது. அந்த நினைவை அழித்தால் அந்த மெஷினும் வெளியே நிற்கும். பிறகு சின் குக்கியை ஆன் செய்து பாருங்கள். இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் திரையில் அரைகுறை இணைப்புகள் வரிவரியாக நிற்கும்போதே, வேறு மெஷினிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் டெல்நெட் பளிச்சென்று இணைகிறது. வகுப்பில் ஒரு செமஸ்டர் கேட்டும் பிடிபடாதது எனக்கு அந்த இடத்தில் பிடிபட்டது.

இதையே வெளியில் ஒருவருடைய சர்வரில் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழகிப் பார்க்கிறேன் என்று பள்ளிக்கூட வெப்சைட்டில் கைவைக்கும் தம்பிகளைப் பற்றிக் கேள்விப்பட்டால் மனசு பதறுகிறது. தயவுசெய்து அந்த ஆர்வத்தை இந்தக் கன்டெய்னருக்குள் காட்டுங்கள், ராசா.

படிப்பு இதோடு முடிந்துவிடாது. 2022 ஏப்ரலில் சைபர் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் சைபர் சம்பவம் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் தர வேண்டும், லாக்கை (சிஸ்டத்தில் நடந்தவற்றின் பதிவு) 180 நாள் வைத்திருக்க வேண்டும். வேலைக்குப் போனால் அந்த லாக்கோடுதான் மல்லுக்கட்டு. அதற்கான பழக்கத்தைச் சீட் லேப்ஸில் அல்ல, வேறு இடத்தில்தான் தேடிக்கொள்ள வேண்டும். லேபுக்கு விடைப் புத்தகம் மாணவர் கைக்குக் கிடைக்காது என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. முட்டி மோதிக் கண்டுபிடித்ததுதான் வைவாவில் வாய்க்கு வருகிறது.

நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளை எட்டிப் பார்க்கும் பாக்கெட் ஸ்னிஃபிங் லேபில் ஆரம்பியுங்கள், அடுத்து டிசிபி. பஃபர் ஓவர்ஃப்ளோ (மெமரியில் ஒதுக்கிய இடம் வழியும்படி டேட்டாவைத் திணிக்கும் தாக்குதல்) லேபைச் சி மொழியும் ஸ்டாக் என்ற மெமரிப் பகுதியும் ஓரளவு தெரிந்த பிறகு எடுங்கள். ஜிடிபி (GDB) என்ற பிழைதேடும் கருவியை வைத்துக்கொண்டு, ஃபங்ஷன் முடிந்ததும் புரோகிராம் திரும்ப வேண்டிய இடமான ரிட்டர்ன் அட்ரஸைத் தேடும் வேலைக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க வேண்டிவரும்.