நெக்கை இழைப்பதா, கிட்டாரையே மாற்றுவதா?

என் தங்கை மகளுக்கு 13 வயது. குளச்சல் பக்கம் கோவில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். எஃப் கார்டு (ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து ஆறு தந்தியையும் அழுத்தும் பிடி) பிடித்தால் பெருவிரலின் அடி வலிக்கிறது என்றாள். வீட்டிலிருந்த பழைய அக்கூஸ்டிக் (மின்சாரம் இல்லாத) கிட்டாரின் நெக், அதாவது கை பிடிக்கும் நீண்ட கழுத்து, அவள் கைக்குத் தடிமன். வேறு நெக் பூட்டுவதா, சின்ன கிட்டார் வாங்குவதா, இருக்கும் நெக்கை இழைப்பதா?

ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் போல, நெக் நான்கு திருகாணியில் நிற்கும் எலக்ட்ரிக் கிட்டார் என்றால் நெக் மாற்றுவதுதான் நல்லது. பிடிக்காவிட்டால் பழையதையே மாட்டிவிடலாம். எங்களுடையது பசையால் ஒட்டியது, அதனால் அது கைவிடப்பட்டது.

சின்ன கிட்டாரைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். பெரியதில் நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் பட்டை) பிரிட்ஜ் (உடலில் தந்திகள் நிற்கும் கட்டை) வரை ஏறத்தாழ 25.4 அங்குலம், சின்னதில் 23 அருகே. ஃபிரெட்டுகள் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) நெருங்கும், அதே தந்திக்கு இழுவையும் குறையும். விரல் எட்டாதவர்களுக்கு இதுதான் வழி. இழைத்தால் பின்பக்கம்தான் மாறும், நட்டில் 43 மி.மீ. அகலம் அப்படியேதான் இருக்கும்.

அவளுக்கு விரல் எட்டியது. உள்ளங்கைதான் நிறைந்துபோனது. எனவே இழைக்க முடிவு செய்தோம். அதற்கு முன் நட்டைப் பார்த்தோம்: மூன்றாம் ஃபிரெட்டில் தந்தியை அழுத்தினால், முதல் ஃபிரெட்டின் மேல் மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். கூடுதல் என்றால் எஃப் யாருக்கும் கஷ்டம். எங்களுடையது சரியாகவே இருந்தது.

பயம் டிரஸ் ராடு குறித்துத்தான்; நெக்குக்குள் ஓடி, தந்தி இழுவையில் அது வளையாமல் காக்கும் உலோகக் கம்பி அது. பழைய வளைந்த ராடு, நெக்கின் நடுப்பகுதியில் முதுகை ஒட்டி ஓடும். அங்கே ஆழமாக இழைத்தால் ராடு வெளியே வந்துவிடும். வராவிட்டாலும், ஆறு தந்தியின் ஏறத்தாழ 70 கிலோ இழுவையில் மெலிந்த மரம் வளையும். ஆகவே நடு முதுகை விட்டு, இருபுறத் தோள்களை மட்டும் குறைப்பதே என் தேர்வு. விற்க நினைப்பவர் இதைச் செய்ய வேண்டாம், விலை விழும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில், தக்கலையில் தெரிந்த ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன். கிட்டார் அவருக்குப் புதிது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளையக் கூட்டிட்டு வா மக்கா. அவ கையப் பாக்காம எப்படி எடுக்க?" என்றார். நான் யோசிக்காதது அது.

அவளை உட்கார வைத்தே வேலை நடந்தது. முதலில் அரம், பிறகு 120, 220, 400 என்று உப்புத்தாள். கொஞ்சம் எடுப்பார், அவளிடம் பிடிக்கக் கொடுப்பார், டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்து நிழல் கோணாமல் விழுகிறதா என்று பார்ப்பார். கடைசியில் மெல்லிய வார்னிஷ். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள மாவட்டத்தில் வெறும் மரத்தை அப்படியே விட முடியாது. காய்ந்தபின் பளபளப்பைத் தேய்த்து எடுத்தார், வியர்வையில் ஒட்டாமலிருக்க. ஒட்டுவது மட்டுமே உங்கள் குறை என்றால், இந்தக் கடைசித் தேய்ப்பு மட்டும் போதும்.

தந்தி மாட்டி இரண்டு நாளில் நெக் லேசாக வளைந்தது, ராடைக் கால் சுற்று முறுக்கினேன். எஃப் இப்போது ஆறு தந்தியிலும் கேட்கிறது. பி மைனர் கார்டுக்கு இன்னும் பயிற்சி வேண்டும்.