அரசுக் கல்லூரியா, கண்டிப்பான தனியார் கல்லூரியா? மாலை நாலு மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

பொறியியல் கவுன்சலிங்கில் கட் ஆஃப் 200-க்கு எவ்வளவு என்று தெரிந்ததும், பெரும்பாலான வீடுகளில் போன வருட ரேங்க் பட்டியலை எடுத்துவைத்து மேலிருந்து கீழாகச் சாய்ஸ் நிரப்பிவிடுகிறார்கள். பிள்ளையின் சுபாவம் அந்தப் பட்டியலில் எங்கேயும் வருவதில்லை. என் மகளுக்கு நிரப்பும்போது கடைசியில் இரண்டு கல்லூரிகள் நின்றன. ஒன்று அரசுப் பொறியியல் கல்லூரி, இன்னொன்று பிளேஸ்மெண்ட்டுக்கும் கண்டிப்புக்கும் பெயர்போன தனியார் கல்லூரி. இரண்டிலும் அவள் கேட்ட ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைக்கும் நிலை. அரசுக் கல்லூரியை எடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அண்ணா பல்கலையின் கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி கிடைக்கிற கட் ஆஃப் இருப்பவர்களுக்கு இந்த அலசல் அதிகம் தேவைப்படாது. அதற்கு அடுத்த வரிசையில், கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), சேலம், திருநெல்வேலி மாதிரியான அரசுக் கல்லூரிகளையும் நல்ல தனியார் கல்லூரிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் குழப்பம்.

கட்டணத்தில் அரசுக் கல்லூரிக்கு லாபம், கட்டட வசதியில் தனியாருக்கு. இதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேர்ச்சி விகிதத்தைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி வினாத்தாளைத் தானே எடுக்கிறது, விடைத்தாளையும் தானே திருத்துகிறது. பட்டம் அண்ணா பல்கலையுடையது. மற்ற இணைப்புக் கல்லூரிகளுக்குத் தேர்வைப் பல்கலையே நடத்துகிறது. இரண்டு வகையின் சதவீதத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: வகுப்பு முடிந்தபின் பிள்ளையின் நேரம் யார் கையில் இருக்கிறது என்பது. 75 சதவீத வருகைப்பதிவு எல்லோருக்கும் பொதுவான விதிதான். அதற்கு மேல் என்ன கேட்கிறார்கள் என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. நாங்கள் பார்த்த தனியார் கல்லூரியில் மாலையில் கட்டாய ஸ்டடி ஹவர், வாராவாரம் டெஸ்ட், மார்க் குறைந்தால் வீட்டுக்குப் போன். நிறைய பெற்றோருக்கு இது நிம்மதி தரும், அதைக் குறை சொல்ல மாட்டேன். என் மகளோ பள்ளியிலேயே யாரும் சொல்லாமல் புத்தகம் எடுப்பவள். எதையாவது பிரித்துப் போட்டு மறுபடி பொருத்திப் பார்ப்பதில் அவளுக்குப் பொழுது போகும். அப்படிப்பட்ட பெண்ணுக்கு மாலை நேரத்தைப் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்? இப்போது அவள் ரோபோட்டிக்ஸ் கிளப்பில் இருக்கிறாள். சர்க்யூட் எரிந்துபோனால் சீனியர்களோடு உட்கார்ந்து காரணம் தேடுகிறாள். ஹேக்கத்தான் போட்டிக்குப் போக ஓடி (வருகைப்பதிவு குறையாமல் வெளியே போக விடும் ‘ஆன் டியூட்டி’ அனுமதி) கேட்டால் கிடைக்கிறது. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது பேசுவதற்கு அவளிடம் சொந்தமாகச் செய்த வேலை இருக்கும். எட்டு செமஸ்டரும் மாலை நேரம் கையில் இருந்தால்தான் அது நடக்கும். நாலாம் வருடத்தில் அவசரமாகச் செய்கிற பிராஜெக்ட்டில் அது வராது.

அதே சுதந்திரம் இன்னொரு பிள்ளையைக் கவிழ்த்தும் விடும். பிளஸ் டூ வரை டியூஷன் தள்ளிக்கொண்டு வந்து, திடீரென்று தள்ள ஆளில்லாமல் போனால் முதல் செமஸ்டரிலேயே அரியர் விழும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பதைப் பிளஸ் டூ ஸ்டடி லீவ் காட்டியிருக்கும். தானாக நேரம் பிரித்துப் படித்தானா, நீங்கள் கத்தியபின் படித்தானா? இரண்டாவது என்றால், அல்லது படிப்பு முடிந்ததும் நல்ல சம்பளத்தில் ஒரு ஐடி வேலைதான் இலக்கு என்றால், கண்டிப்பான கல்லூரியைத் தாராளமாக எடுங்கள். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளுக்கும் அங்கே தரும் இண்டர்வியூ பயிற்சி உதவும். அரசுக் கல்லூரியில் அதையெல்லாம் நாமேதான் தேடிப் போக வேண்டும்.

கைவேலையில் ஈடுபாடு உள்ள மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கோவை பிஎஸ்ஜி டெக்கின் ஐந்து வருட சாண்ட்விச் படிப்பில் தொழிற்கூட வேலையும் பாடத்தோடு சேர்ந்தே நடக்கும். ஒரு வருடம் கூடுதல் என்பதற்காகவே பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது நல்ல பேரமாகத்தான் படுகிறது.

சாய்ஸ் நிரப்பும் முன் ஒரு வேலைநாளில், மாலை நாலரை மணிக்குக் கல்லூரி வாசலுக்குப் போங்கள். முதல் வருடப் பிள்ளைகளை விட்டுவிட்டு மூன்றாம் வருடத்தவர்களிடம் பேசுங்கள். வகுப்பு முடிந்தபின் ஆய்வகத்தில் இருக்க விடுகிறார்களா, வெளிப்போட்டிக்கு ஓடி தருகிறார்களா, லேப்டாப் கொண்டுவரலாமா, கல்லூரிப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் நாலரைக்கே பேருந்து கிளம்பிவிட்டால் டே ஸ்காலருக்குக் கிளப் என்பதே கிடையாது. என் மகள் வீட்டிலிருந்து போய் வருகிறாள் என்பதால் ஹாஸ்டல் பற்றி அனுபவத்தில் பேச முடியாது. விடுதிக்கு அனுப்புகிறவர்கள் அவுட்பாஸ் (வெளியே போக அனுமதி) விதிகளையும் அந்த மூன்றாம் வருடத்தவர்களிடமே விசாரித்துக்கொள்ளுங்கள்.