கிட்டாருக்குத் தறிமரமா, சில்வர் ஓக்கா, எண்ணெய் டின்னா?

வீட்டில் நான்கு கிட்டார் தொங்குகிறது. நான்கும் நானே செய்தது. ஒன்று பதினைந்து கிலோ எண்ணெய் டின். ஒன்று ஏற்காட்டில் காற்றுக்கு விழுந்த சில்வர் ஓக். ஒன்று சேலம் அம்மாப்பேட்டையில் பிரித்துப் போட்ட கைத்தறியின் கட்டை. நான்காவதில் எல்லாம் கலந்து கிடக்கிறது, தினமும் கையில் எடுப்பது அதைத்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் எந்த மரம் பெஸ்ட் என்றுதான் கேட்கிறார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. எந்த இடத்துக்கு எந்த மரம் என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவேன்.

முதலில் ஒரு கணக்கு. ஸ்டீல் கம்பி ஆறும் சுருதிக்கு ஏறி நின்றால் மொத்த இழுவை கிட்டத்தட்ட 70 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையே 50 கிலோதான். அதைவிட அதிகமான பாரம் ராத்திரி பகலாகக் கழுத்தை வளைக்கப் பார்க்கிறது, கம்பியை உடம்பில் பிடித்திருக்கும் கட்டையை, பிரிட்ஜை, பிடுங்கப் பார்க்கிறது. ஆக, கழுத்து அசையவே கூடாது. கம்பிக்கு அடியில் இருக்கும் முகப்பு, மேல்பலகை, அந்த இழுவையைத் தாங்கிக்கொண்டே அசைந்தும் ஆக வேண்டும். பக்கமும் முதுகும் உருவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். ஸ்பெயினில் கிட்டார் செய்த அந்தோனியோ தெ தோரெஸ் 1862இல் இதைச் செய்தே காட்டினார். மேல்பலகைக்கு நல்ல மரம், பக்கத்துக்கும் முதுகுக்கும் வெறும் காகித அட்டை. அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனாவில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் இதைத் தெரிந்துகொண்டது இரண்டாவது கிட்டாரைக் கெடுத்த பிறகு.

கெட்டது சில்வர் ஓக்கில் செய்தது. சேர்வராயன் மலையில் காபித் தோட்டம் பார்த்தவர்களுக்கு அந்த மரத்தைச் சொல்லவே வேண்டாம், நிழலுக்கு வரிசையாக நிற்கும், மிளகுக் கொடி ஏறியிருக்கும். பெயர்தான் ஓக், ஓக் இனமே இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். ஆஸ்திரேலியாவில் கிட்டார் செய்கிறவர்களும் அதை எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அறுத்துப் பார்த்தால் பட்டுப்புடவையைத் திருப்பிக் காட்டுகிற மாதிரி ரேகை ரேகையாக மினுக்கும், அந்த மினுக்கில்தான் மயங்கினேன். பச்சை மரம் காய, ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று தச்சர்கள் சொல்வார்கள். நான் விட்டது நான்கு மாதம். கழுத்து செதுக்கி, விரல் வைக்கிற இடத்தில் குறுக்கே வரும் உலோகக் கம்பிகளை, ஃப்ரெட்டை, அடித்து, கம்பி ஏற்றி மூன்று வாரம் கழித்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தலைப்பக்கமிருந்து பார்த்தால், கழுத்து வளைந்ததோடு நிற்காமல் முறுக்கிக்கொண்டும் இருந்தது. வளைவை உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை, ட்ரஸ் ராடை, திருகி நிமிர்த்தலாம். முறுக்குக்கு மருந்தில்லை. இன்னொன்று, அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும். எனக்கு முழங்கை வரை தடித்துப் போய் ஒரு வாரம் அரைக்கைச் சட்டை போட முடியவில்லை. முதுகுக்கும் பக்கத்துக்கும் என்றால் இன்றும் சில்வர் ஓக்கைத்தான் சொல்வேன், அழகு அங்கே இருக்கட்டும். கழுத்துக்கு வேண்டாம்.

கழுத்துக்குத் தறிமரம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

கைத்தறி குறையக் குறைய அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டை பக்கம் பல வீடுகளில் பிரித்த தறி திண்ணையிலோ மாடிப்படிக்கு அடியிலோ கிடக்கிறது. எல்லாக் கட்டையும் உதவாது. நான் தேடுவது படமரம், நெய்கிறவர் மடிக்கு முன்னால் இருந்து, நெய்த துணியைச் சுருட்டிக்கொள்ளும் கட்டை. எனக்குக் கிடைத்தது வைரம் பாய்ந்த தேக்கு. ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்த மாதிரி கருத்து வழவழவென்று இருந்தது, அத்தனை வருஷம் வயிறும் முன்கையும் உரசின பக்கம். யோசித்துப் பாருங்கள், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் இழுத்த இழுப்பை அந்தக் கட்டை காலம் பூராவும் வாங்கியிருக்கிறது. வளைய வேண்டியிருந்தால் எப்போதோ வளைந்திருக்கும். அதைக் கொடுத்த அம்மா, "அடுப்புக்குத்தான் வெச்சிருந்தேன் கண்ணு, இதுல பாட்டு வருமா?" என்று கேட்டார். வரும்மா, கொஞ்சம் நாளாகும் என்றேன்.

தொல்லை இல்லாமல் இல்லை. துளை போட்ட இடம், ஆப்பு அடித்த இடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஆளுயரக் கட்டையில் இரண்டு கழுத்து தேறினால் பெரிசு. உள்ளே முறிந்த ஆணி இருக்கும், இழைப்புளியின் அலகு பல் போல உடையும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டிக் கட்டை மேல் மெதுவாகக் கொண்டு போனால் ஆணி இருக்கிற இடத்தில் டக்கென்று ஒட்டும். அப்புறம் தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. இழைத்தவுடன் தின்னரில் துடைத்துச் சுடச்சுட ஒட்டினால் பிடிக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பசை பெயரளவுக்குத்தான் நிற்கும். பூச்சி துளைத்த சின்ன ஓட்டைகளைக் கண்டு பயப்பட வேண்டாம், கட்டை கணீரென்று இருந்தால் போதும். குயீன் இசைக்குழுவின் பிரையன் மே 1963இல் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாரின் கழுத்து, ஒரு பழைய வீட்டுக் கணப்பின் சட்டம்தான். அதிலிருந்த பூச்சி ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்திருக்கிறார்கள். அதே கிட்டாரில் மோட்டார் சைக்கிளின் வால்வ் ஸ்பிரிங்கும் இருக்கிறது.

பழைய வீட்டு நிலை, கதவுச் சட்டமும் கழுத்துக்கு ஆகும்தான். ஆனால் பல தலைமுறை பெயிண்ட் ஏறியிருக்கும், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூளை முகர்கிற வேலை வேண்டாம். இழைப்புளியால் பட்டையாக எடுத்துவிடுங்கள், அதுவும் வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு.

இனி மேல்பலகை. கழுத்தில் ஜெயித்த தேக்கு இங்கே தோற்கிறது. தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ, கிட்டார் மேல்பலகைக்கு வழக்கமாகப் போடும் ஸ்ப்ரூஸ் 400–450 கிலோ. பழைய கதவின் தேக்குப் பலகையை 3 மில்லிமீட்டருக்கு இழைத்துப் பிடித்து விரல் முட்டியால் தட்டினேன், "டொக்" என்றது, அவ்வளவுதான், சத்தம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மில்லுக்கு மிஷின் வந்த வெளிநாட்டுப் பேக்கிங் பெட்டியின் பைன் பலகையை அதே கனத்துக்கு இழைத்துத் தட்டினால் "டம்ம்" என்று இழுத்துக்கொண்டு போகிறது. இத்தனைக்கும் அது விறகு விலைக்கு வந்தது. எல்லாப் பட்டையும் ஆகாது. முனையில் வளையக் கோடுகள் நட்டுக்குத்தலாக நிற்கிறதா என்று பார்த்துப் பொறுக்க வேண்டும், முடிச்சு இருக்கக் கூடாது, அகலம் போதாமல் நான்கு பட்டையைப் பக்கவாட்டில் ஒட்ட வேண்டியிருக்கும். பெட்டியில் குத்தியிருக்கும் முத்திரையையும் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது, தொட வேண்டாம். பெட்டி மரம்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அமெரிக்காவில் கிட்டார் கம்பெனி தொடங்கிய பாப் டெய்லர் 1995இல் சரக்கு அடுக்கும் பேலட் கட்டைகளை உடைத்தே ஒரு கிட்டார் செய்து கண்காட்சியில் வைத்தார்.

பலாவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தஞ்சாவூர் வீணையே பலாதான், நல்ல மரம், எனக்குப் பழைய பலாக்கட்டை இதுவரை சிக்கவில்லை.

எண்ணெய் டின் வேறு ஜாதி. இதை மரக் கிட்டாரோடு ஒப்பிடுவதே தப்பு. ஒரே வார விடுமுறையில் முடியும், மூன்று கம்பி போதும், இழுவை பாதியாகிவிடுவதால் ட்ரஸ் ராடும் தேவையில்லை. சூட்சுமம் ஒன்றுதான்: கழுத்துக் கட்டை டின்னின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும், கம்பியின் இழுவை மொத்தமும் கட்டையோடு போய்விடும், டின் வெறுமனே சத்தம் போட்டால் போதும். டின்னின் பக்கவாட்டிலேயே கழுத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் கம்பி ஏற்றும்போதே தகரம் காகிதம் மாதிரி மடிகிறது, செய்து பார்த்தாயிற்று. சத்தம் பாஞ்சோ மாதிரி, கரகரவென்று, சட்டென்று செத்துப்போகும். சிலருக்குப் பிடிக்காது, எனக்கு மழை நாளில் பிடிக்கும். சோடா மாவும் வெந்நீரும் போட்டு நாலு தடவை கழுவியும் வெயிலில் வைத்தால் இன்றும் கடலை எண்ணெய் மணக்கிறது.

சேலத்துக்காரன் எவர்சில்வரில் செய்து பார்க்காமல் இருந்தால் எப்படி, அதையும் செய்தேன். 1927இல் நேஷனல் கம்பெனி உலோக உடம்புக்குள் அலுமினியக் கூம்பு வைத்துக் கிட்டார் கொண்டுவந்ததே, அந்த மாதிரி ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து பிரிட்ஜுக்கு அடியில் வைத்தேன். கனம். கம்பி அடங்கின பிறகும் தாம்பாளம் கோயில் மணி மாதிரி தன்பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு நசுங்கிய அலுமினியத் தட்டு ஒன்றை வைத்ததும் பாதி சரியானது.

கழுத்தின் மேல் ஒட்டி, விரல் அழுத்துகிற விரல் பலகைக்குப் போட்டி இரண்டு பேர். பழைய கட்டில் கால், ஈட்டி மரம். ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் பனங்கை, கூரைக்குப் போட்ட பனைச் சட்டம். ஈட்டியை இன்று வெட்டுவதற்கு ஏகப்பட்ட சட்டம், பழைய சாமானில் கிடைத்தால்தான் உண்டு. கெட்டி, கனம், ஃப்ரெட் அடித்தால் கடித்துப் பிடிக்கும். பனை பார்க்க அதைவிட அழகு, கருப்பும் பழுப்புமாக நரம்பு நரம்பாக ஓடும், ஆனால் நரம்புதான் கல், நடுவில் இருப்பது பஞ்சு. ஃப்ரெட்டுக்குப் பள்ளம் அறுக்கும்போது ஓரம் பிய்த்துக்கொண்டு வருகிறது, மெல்லிய சூப்பர் குளூவை ஊற விட்டு ஊற விட்டுத்தான் அறுக்க முடிந்தது. கட்டை விரலில் ஏறின சிலாம்பு ஒன்றை ஊசி வைத்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. ஈட்டிக்கே என் ஓட்டு.

மரத்தைவிட ஊர் முக்கியம் என்பது கடைசியாகப் புரிந்தது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், ஐப்பசி கார்த்திகையில் துவைத்த துணி மூன்று நாள் காயாது. அந்த ஈரத்தில் நண்பர் ஷெட்டில் உட்கார்ந்து சில்வர் ஓக் கிட்டாரை ஒட்டி முடித்தேன். சித்திரையில் சேலத்து வெயிலுக்கு இறக்கிக்கொண்டு வந்தேன். முதல் வாரம் கையை கழுத்தில் ஓட்டினால் சீவிக்கொண்டு போனது. விரல் பலகை சுருங்கி, ஃப்ரெட் நுனிகள் இரண்டு பக்கமும் ரம்பப் பல் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி "பட்" என்று சத்தம், முதுகில் மேலிருந்து கீழ்வரை விரிசல். தறிமரக் கிட்டார் அதே அறையில் அதே சுவரில் ஒன்றும் ஆகாமல் இருந்தது, டின்னுக்கோ கேட்கவே வேண்டாம். இப்போது எதை ஒட்டுவதாக இருந்தாலும் கோடையில், கீழே சேலத்திலேயே ஒட்டுகிறேன்.

அடுத்ததுக்குப் படமரத்தின் இரண்டாவது துண்டு கழுத்தாகத் தயார், பைன் மேல்பலகை ஒட்டிக் காய்கிறது, கட்டில் காலில் இன்னும் ஒரு விரல் பலகைக்கு மிச்சம் இருக்கிறது. முதுகுக்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை. மாடியில் பழைய கேரம் போர்டு ஒன்று சும்மா கிடக்கிறது, அளவும் சரியாக வருகிறது, பையன்தான் தரமாட்டேன் என்கிறான்.