பிளக்ஸா, காடாவா, பாலியஸ்டரா?

"துணியில அடிச்சா மழை தாங்குமாங்கண்ணா?" மகள் மஞ்சள் நீராட்டுக்குப் பேனர் சொல்ல பென்னாகரத்திலிருந்து வந்தவர் கேட்டார். எந்தத் துணி என்று திருப்பிக் கேட்டேன், ஏனென்றால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று 'ஈகோ' பெயரில் இப்போது ஓடுகிற சரக்கு எல்லாம் ஒன்றில்லை.

பிளக்ஸ் என்பது நடுவில் பாலியஸ்டர் நூல் வலை, இரண்டு பக்கமும் பிவிசி என்கிற பிளாஸ்டிக். சால்வெண்ட் மை, அதாவது ரசாயனக் கரைப்பான் கலந்த மை, பிவிசியை லேசாக இளக்கி உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும், அதனால் தனிப் பூச்சு தேவையில்லை, விலையும் மலிவு. தொல்லை அப்புறம்தான். நூலையும் பிவிசியையும் பிரிப்பது பெரும்பாடு என்பதால் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர்கூட வாங்க மாட்டார், எரித்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். கேரளா 2019-இல் தடையே போட்டது. நம்ம பக்கம் விழா முடிந்த பிளக்ஸ் அவ்வளவு சீக்கிரம் குப்பைக்குப் போவதில்லை என்பதும் உண்மை. வைக்கோல் போருக்கு மூடுவோம், புளி காயவைப்போம், தலைவர் முகத்தின் மேலேயே கேழ்வரகு காயும். ஆனால் சில வெயில் பார்த்ததும் பூச்சு உரிந்து தூள் தூளாக அதே களத்தில்தான் கொட்டுகிறது.

காடா என்கிற வெளுக்காத பருத்தித் துணியில் அப்படியே அடித்தால் மை ஊறிப் பரவி எழுத்து கலங்கும், அதை நிறுத்தி வைக்க ஒரு பூச்சு வேண்டும். விஷயமே அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அக்ரிலிக் பூச்சு என்றால் சரி. பிவிசி பூசிவிட்டுத் துணி பேனர் என்று கொடுத்தால் அது பிளக்ஸுக்குப் பங்காளி. சந்தேகமாக இருந்தால் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அச்சடிக்காத ஓரத்தில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள், பிவிசி என்றால் சுடர் பச்சையாகும். (காற்றாட வெளியில் வைத்துச் செய்யுங்கள், சில மைகளிலும் குளோரின் உண்டு என்பதால்தான் ஓரம் என்கிறேன்.) நல்ல காடா மண்டபத்துக்குள் அழகு. வெளியே? ஒரு ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் சாலையில் நானே கட்டிப் பார்த்தேன், ஒரே மழையில் தண்ணீர் குடித்துத் தொங்கி ரீப்பர் சட்டத்தையே வளைத்துவிட்டது.

பூச்சு போட்ட பாலியஸ்டர்தான் என் கட்சி. தண்ணீரில் கலந்த லேட்டக்ஸ் மையை அடித்துச் சூட்டில் காயவைப்பதால் மண்டபத்தில் சால்வெண்ட் நாற்றம் இல்லை, பெரிதாக நனையாது, மடித்துப் பையில் போட்டு அடுத்த விழாவுக்கும் எடுக்கலாம், பெயரும் தேதியும் மட்டும் தனித் துண்டாக இருந்தால். பழைய பாட்டிலில் இருந்து செய்த நூலிலும் கிடைக்கிறது. குறை இல்லாமல் இல்லை: இதுவும் பிளாஸ்டிக்தான், பிளக்ஸைவிட விலை நன்றாகவே கூடும், பின்னால் வெளிச்சம் இருந்தால் படம் வெளிறித் தெரியும், காற்றில் படபடத்து ஓரம் கிழியும், இரட்டையாக மடித்துத் தைத்து கயிறு கட்டுகிற ஐலெட் வளையம் அடித்தே ஆக வேண்டும்.

பாலிஎத்திலீன் பேனரும் இருக்கிறது. ஒரே பொருள் என்பதால் மறுசுழற்சிக்குப் போகும், எடையும் குறைவு. மடிப்பு விழுந்தால் போகாது, சூட்டு மெஷினில் கவனிக்காவிட்டால் சுருங்கும். வழியோரம் சில நாள் நிற்கிற அறிவிப்புக்குப் போதும், அவ்வளவுதான்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் மேடைக்குப் பாலியஸ்டர் சொன்னார். வாசலுக்கு என்ன அடிக்கலாம் என்றேன். "வாசலுக்கு வாழைமரம் கட்டிக்கிறேன்ண்ணா."