பாண்டி பக்கம் கடல் பாத்த ஃப்ளாட், கூடவே சிபில் ஸ்கோர் (நாம கடன ஒழுங்கா கட்டறோமான்னு பேங்க் பாக்கற மார்க்) ஏத்தித் தரோம்னு யாராவது வந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க

கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. அரை மணி நேரம் முன்னாடி எங்க வீட்டுக்காரர் போன்ல, எனக்கு ஃப்ளாட் வித்தவனோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பாத்தேன். என் நம்பர பிளாக் பண்ணிட்டான், இவரோடத மறந்துட்டான் போல. அதே பால்கனி, அதே வெள்ளை பிளாஸ்டிக் சேர், யாரோ ஒரு குடும்பம் நின்னு கடலப் பாத்துட்டு இருக்கு, கீழ "இன்னும் 3 வீடு மட்டுமே"ன்னு போட்டிருக்கான். நாலு மாசம் முன்னாடி அந்தச் சேர்ல உக்காந்து இளநி குடிச்சது நான். அப்பவும் 3 வீடுதான் பாக்கி இருந்துச்சு.

அவன்கிட்ட போனது மூணு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம். அவ்ளோதான் எங்க சேமிப்பே.

பேர் போட முடியாது, போட்டா என் மேலயே கேஸ் போடுவேன்னு ஏற்கனவே மிரட்டியிருக்கான். கன்னியக்கோயில் தாண்டி கிழக்கால திரும்பினா கடல் பக்கம் வர்ற ஒரு ப்ராஜெக்ட், ஆபீஸ் பாண்டி டவுன்ல கண்ணாடிக் கதவு போட்டு ஏசியோட இருக்கு. இவ்ளோ போதும்.

நாங்க இருக்கறது கடலூர் திருப்பாப்புலியூர், வாடகை வீடு. 2011ல தானே புயல் அடிச்சப்ப எங்க ஓட்டு வீடு மொத்தமா போச்சு, அதுலேர்ந்து கான்கிரீட்ல சொந்தமா ஒண்ணு வேணும்னு ஒரு வெறி. என் மாமியார் முதல் நாளே சொன்னாங்க, சுனாமில தேவனாம்பட்டினத்த கண்ணால பாத்தவங்க யாராவது காசு குடுத்து கடல் பக்கத்துல போய் உக்காருவாங்களான்னு. நான்தான் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது அத்தைன்னு வாய அடைச்சேன். இப்ப அவங்க ஒரு வார்த்தை கூட குத்திக் காட்டல, அதான் இன்னும் வலிக்குது.

மஞ்சக்குப்பத்துல ஒரு கல்யாண மண்டபத்துல ப்ராப்பர்ட்டி மேளா போட்டிருந்தாங்க, அங்கதான் புடிச்சான். ரெண்டு பெட்ரூம், 46 லட்சம், பால்கனிலேர்ந்து கடல் 180 மீட்டர். நான் லோன் கெடைக்குமோ என்னமோன்னு இழுத்தேன். "பேன் நம்பர் சொல்லுங்கக்கா, இப்பவே பாத்துடலாம்"னு டேப்ல அடிச்சு, என் போனுக்கு வந்த ஓடிபியக் கேட்டான், நானும் சொல்லிட்டேன், சிபில் 668ன்னு காட்டினான். அவன் சொன்ன விளக்கம் பொய்யும் இல்ல, அதான் கொடுமை. ஸ்கோர் 300லேர்ந்து 900 வரைக்கும், 750க்கு மேல இருந்தா பேங்க்ல மரியாதையே வேற, உங்களோடத கீழ இழுக்கறது இந்த ஒரு லைன்தான்னு விரல வெச்சான். 2020 கொரோனாவுல வேலை போனப்ப கிரெடிட் கார்டு பாக்கி 61 ஆயிரம் நின்னுச்சு, கலெக்‌ஷன் ஆளு "25 ஆயிரம் கட்டுங்க மேடம், முடிச்சு விட்டுடறேன்"னான், கட்டினேன், முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ரிப்போர்ட்ல அது "செட்டில்டு"ன்னு நிக்குது. "க்ளோஸ்டு" வேற, "செட்டில்டு" வேறயாம். செட்டில்டுன்னா இந்த அம்மா முழுசா கட்டலன்னு அர்த்தம். அஞ்சு வருஷமா எனக்கு இது தெரியாது.

"கவலைய விடுங்கக்கா, எங்க ஆபீஸ்லயே அதுக்கு டீம் இருக்கு, 45 நாள்ல 780 ஆக்கித் தரேன், 35 ஆயிரம்தான்."

உடனே குடுத்துடல. அந்த ஞாயித்துக்கிழமை பேப்பர் வாங்கற சாக்குல வீட்டுக்கு வந்தான். வஞ்சிரக் குழம்பு வெச்சிருந்தேன், சாப்டுங்க தம்பின்னேன், கீழ சம்மணம் போட்டு உக்காந்து சாப்ட்டான், சாப்ட்டு எலைய நம்ம பக்கமா மடிச்சான், மாமியார் கால்ல விழுந்தான். எங்க பையன் கணக்கு நோட்ட வாங்கி ஒரு கணக்கு வேற போட்டுக் குடுத்தான். கெளம்பும்போது வாசல்ல செருப்பு மாட்டிட்டே திரும்பி ஒண்ணு சொன்னான்: "அக்கா, யாரு கேட்டாலும் முழுப் பணமும் குடுத்துடாதீங்க, நானே கேட்டாலும் குடுக்காதீங்க. ஊரு கெட்டுக் கெடக்கு." அங்க விழுந்தேன். திருடனே வந்து பூட்டு நல்லா போடுங்கன்னு சொல்லிட்டுப் போறான், நான் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பி வெச்சேன்.

மறுநாள் 35 ஆயிரம் ஜிபே. அடுத்த வாரம் மூணரை லட்சம் புக்கிங்குக்கு செக். சீட்டு எடுத்தது 2 லட்சம், அம்மா போட்ட ரெட்டை வடச் செயினை அடகு வெச்சது ஒண்ணரை லட்சம். இன்னைக்கும் மாசா மாசம் வட்டி கட்டிட்டு இருக்கேன், இல்லாத வீட்டுக்கு.

அப்புறம் ஆபீஸ்ல வேலைல இருக்கும்போது போன் டிங் டிங்னு அடிக்க ஆரம்பிச்சுது, உங்க கடன் விண்ணப்பம் வந்து சேந்ததுன்னு, பேரே கேள்விப்படாத ஃபைனான்ஸ் கம்பெனிலேர்ந்தெல்லாம். 12 நாள்ல 7 எடத்துல என் பேர்ல லோன் அப்ளை பண்ணியிருக்கான். நாம கடன் கேட்டு ஒருத்தர் நம்ம ரிப்போர்ட்ட எடுத்தா அது ஒவ்வொண்ணும் பதிவாகும், கொஞ்ச நாள்ல நெறைய சேந்தா இந்த ஆளு கடனுக்கு அலையறாருன்னு ஸ்கோர் எறங்கும். அதுமட்டுமில்ல, அந்தக் கார்டு என்னோடதே இல்லன்னு என் பேர்ல புகாரும் போட்டு வெச்சிருக்கான். பேங்க்காரன் "இவங்களோடதுதான்"னு ஒரே வரில பதில் குடுத்துட்டான். 668 இருந்தது 631 ஆச்சு. போன் பண்ணா சிரிக்கறான், "அது ப்ராசஸ்க்கா, கடல் அலை மாதிரி, எறங்கித்தான் ஏறும்." எனக்கு அப்பவாவது ஒறைச்சிருக்கணும்.

வயிறு கலங்கி நானே ஒரு அரசு பேங்க்குக்குப் போனேன். லோன் செக்‌ஷன்ல இருந்த அம்மா பத்தே நிமிஷத்துல பிச்சு வெச்சாங்க. கார்டுல விட்டுக்குடுத்த மீதி 36 ஆயிரத்த அந்த பேங்க்லயே பேசிக் கட்டி, பாக்கி இல்லங்கற நோ டியூ சர்டிஃபிகேட் வாங்கி, க்ளோஸ்டுன்னு மாத்தச் சொல்லியிருந்தாலே பாதி வேலை முடிஞ்சிருக்கும்மா, ஆனா அதுவும் ஒரே நாள்ல ஏறாது, மாசக்கணக்குல ஒழுங்கா கட்டிக் கட்டித்தான் ஏறும்னாங்க. 36 ஆயிரம். நான் அவனுக்குக் குடுத்தது 35 ஆயிரம். தலைல அடிச்சுக்கணும் போல இருந்துச்சு. தப்பா ஒரு என்ட்ரி இருந்தா சரி பண்ணச் சொல்லிக் கேக்கறதுக்கு காசே கெடையாதாம், நாமளே ஸ்கோர் போடற கம்பெனி வெப்சைட்ல போடலாம், 30 நாளுக்குள்ள முடிச்சுக் குடுக்கணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் அவங்க நமக்குத் தரணும்னு ரிசர்வ் பேங்க் 2024லேர்ந்து வெச்சிருக்கு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நாலு கம்பெனி, நாலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஓசில தரணும். ஓசில கெடைக்கறத எனக்கு வித்திருக்கான்.

அந்த அம்மா அடுத்து ஃப்ளாட் பேப்பர் கேட்டாங்க. ரெரா நம்பர், அதாவது ரியல் எஸ்டேட் ஆணையத்துல ப்ராஜெக்ட்டப் பதிஞ்ச நம்பர், எங்க? "அப்ளை பண்ணியாச்சு வந்துட்டே இருக்கு"ன்னாங்க மேடம்னேன். எட்டு வீட்டுக்கு மேல, இல்ல 500 சதுர மீட்டருக்கு மேல எடம்னா ரெரால பதியாம விளம்பரமே பண்ணக் கூடாது, நீங்க புக்கிங்கே குடுத்துட்டீங்களான்னாங்க. சிஆர்இசட் கிளியரன்ஸ் எங்க? அப்பதான் அந்த வார்த்தையே எனக்குத் தெரியும், கடலோரத்துல கட்டறதுக்கு வாங்க வேண்டிய அனுமதியாம். கிராமத்துப் பக்கக் கடற்கரைன்னா எடத்தப் பொறுத்து அலை ஏறி வர்ற கோட்டுலேர்ந்து 200 மீட்டர் வரைக்கும் புதுசா கட்டவே தடை இருக்கலாம். எனக்கு வித்த அழகே அந்த 180 மீட்டர்தான். அதோட மாடல் ஃப்ளாட்டுன்னு நான் இளநி குடிச்ச எடம் அந்த ப்ராஜெக்ட்டே இல்ல, பக்கத்துல யாரோ கட்டி முடிச்ச பில்டிங்ல ஒரு மாடிய வாடகைக்கு எடுத்து வெச்சிருக்கான். இவன் எடத்துல ஆறு தூண் நிக்குது, கம்பி உப்புக் காத்துல செவசெவன்னு துருப்புடிச்சு, தொட்டா விரல்ல ஒட்டுது.

சரி பணத்தத் திருப்பிக் குடுன்னு போனேன். முதல் தடவை காபி குடுத்தாங்க, எம்டி சார் சென்னை போயிருக்கார். ரெண்டாவது தடவை ஆடிட்டர் கையெழுத்து பாக்கி. மூணாவது தடவை "ஆடி மாசம்க்கா, வெளிய பணம் எடுத்துக் குடுக்க மாட்டாங்க, சென்டிமென்ட்டு." ஆவணில போனேன், ரிசப்ஷன்ல வேற பொண்ணு, யாரு நீங்கன்னு கேக்குது. நாலாவது தடவை சத்தம் போட்டேன், "டென்ஷன் ஆகாதீங்கக்கா பிபி ஏறிடும்"னு அவனே தண்ணி மொண்டு குடுத்தான். அக்காவாம். அன்னைக்கு ராத்திரியே பிளாக்.

அப்பதான் ரசீத வெளிச்சத்துல வெச்சுப் படிச்சேன். பால்கனி படம் போட்ட வழுவழு பேப்பர், மூணு லட்சத்து ஐம்பதாயிரம்னு கொட்டையா இருக்கு. எதுக்குங்கற எடத்துல, சாம்பல் கலர்ல எறும்பு சைஸ்ல "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது". வீடுங்கற வார்த்தையே அதுல எங்கயும் இல்ல. இன்னொண்ணு கவனிங்க, விலைல 10 பர்சென்ட்டுக்கு மேல வாங்கணும்னா முதல்ல அக்ரிமென்ட் போட்டு ரிஜிஸ்டர் பண்ணணும்னு ரெரா சட்டம் சொல்லுது. 46 லட்சத்துக்கு 10 பர்சென்ட் 4 லட்சத்து 60 ஆயிரம். அக்ரிமென்ட்டே போடாம தப்பிக்கத்தான் அவன் மூணரையோட நிறுத்திக்கிட்டான். "முழுப் பணமும் குடுத்துடாதீங்கக்கா"ன்னது அக்கறையில இல்ல.

போலீஸ் கதை சுருக்கமா. கடலூர்ல "சம்பவம் நடந்தது பாண்டி, அங்க போங்க". பாண்டில "பணம் குடுத்தது கடலூர் பேங்க் செக்கு, நீங்க கடலூரு, இது சிவில் மேட்டர் வேற". நடுவுல முள்ளோடை செக்போஸ்ட்ட எத்தனை தடவை தாண்டினேன்னு கண்டக்டருக்கே தெரியும். ஒரு மனு ரசீது மட்டும் கைல இருக்கு. வக்கீல் ஃபீஸ் இனிமேதான்.

இன்னும் நெறைய எழுதணும்னுதான் உக்காந்தேன், மணி பன்னண்டாவுது, முடியல. இத மட்டும் புடிச்சுக்கோங்க. ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க, மேளால சிரிச்சுட்டே கேட்டாலும். ஸ்கோர ஏத்தித் தரேன்னு காசு கேக்கறவன வாசப்படியே ஏத்தாதீங்க. கார்டு பாக்கிய செட்டில்மென்ட் பண்ணாதீங்க, முடிஞ்சா முழுசா கட்டுங்க. ரெரா நம்பர நீங்களே தேடிப் பாருங்க, நம்ம பக்கம் ஒரு தெரு பாண்டி அடுத்த தெரு தமிழ்நாடு, ரெண்டுக்கும் ரெரா வேற வேற, அதனால சர்வே நம்பர் எந்தப் பக்கம்னு முதல்ல கேளுங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பேங்க்ல பேப்பரக் காட்டுங்க, நான் பின்னாடி காட்டினேன். ரசீத அங்கயே நின்னு படிங்க, கண்ணாடி எடுத்துட்டுப் போங்க.

இதே பால்கனில இளநி குடிச்சவங்க வேற யாராவது இருந்தா சொல்லுங்க, தனித்தனியா போனா சிவில் மேட்டர்ங்கறாங்க, பத்து பேரா போய் நின்னா என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம். திங்கட்கிழமை நான் லீவு போட்டிருக்கேன்.