விஸ்கோஸ் வெல்வெட் சோபா: உட்கார அருமை, துடைக்கத்தான் வழியில்லை

என்னிடம் இருக்கும் அதே சோபா தள்ளுபடியில் வந்திருக்கிறது, வாங்கலாமா என்று தருமபுரியில் இருக்கும் தோழி படம் அனுப்பிக் கேட்டாள்.

மரம், ஸ்பிரிங், ஃபோம் எதிலும் குறையில்லை. கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கு ஆள் வராத நாளே கிடையாது. ஆனாலும் சீட் அமுங்கவில்லை. அந்தக் கரும்பச்சை இன்றைக்கும் கண்ணை இழுக்கிறது. என் கோபமெல்லாம் துணியைப் பற்றி வாய் திறக்காமல் விற்றவர்கள் மேல்தான்.

"ஈரத்துணியால துடைச்சாப் போதும்மா" என்றார்கள் கடையில். மாம்பழ சீசனில் பிள்ளைகள் கையிலிருந்து சாறு சொட்டியது. எங்கள் ஊரில் அது நடக்காத வீடு ஏது? அம்மா கடையில் சொன்னபடியே உடனே துடைத்தார். காய்ந்ததும் பார்த்தால், சாற்றுக்கறை விரல்நுனி அளவு, அதைச் சுற்றித் தண்ணீர் விட்ட வளையம் உள்ளங்கையை விடப் பெரிது. வளையத்துக்குள் இழைகள் படுத்துவிட்டன. எந்தப் பக்கம் நீவினாலும் எழவில்லை. ஓரத்தில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளைக் கோடாக நின்றது.

சுத்தம் செய்ய ஓசூரிலிருந்து வந்தவர் மெஷினை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. சீட்டைத் தூக்கி, அடியில் தைத்திருந்த லேபிளைத் தேடினார். 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து. பின்பக்க மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்தார். காகிதம் எரியும் வாடை, பொடிச் சாம்பல். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியாகியிருக்கும், பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், இது விஸ்கோஸ் ரேயான் என்றார். மரக்கூழிலிருந்து செய்யும் இழை. நனைந்தால் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் தேய்த்தால் போச்சு.

லேபிளில் 'டபிள்யூ' என்றால் தண்ணீர் கலந்த ஷாம்பூ போடலாம். 'எஸ்' என்றால் தண்ணீரே படக் கூடாது, சால்வென்ட் (தண்ணீர் இல்லாமல் கறையைக் கரைக்கும் திரவம்) மட்டும். 'டபிள்யூஎஸ்' இரண்டும் தாங்கும். 'எக்ஸ்' என்றால் வாக்குவம் தவிர எதுவும் கூடாது. 'எஸ்', 'எக்ஸ்' இரண்டிலும் கறை பட்டால் நாம் கை வைக்காமல் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுவதுதான் சரி. பட்டு, விஸ்கோஸ், சுத்த லினன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். என் தோழியோ பட்டுக்கூடு ஏலம் நடக்கும் தருமபுரிக்காரி. பட்டுப்புடவையை டிரைகிளீனிங்குக்குக் கொடுப்பவளுக்கு இது புதிதில்லை. மெத்தை உறையில் ஜிப் இருக்கிறதே, கழற்றித் துவைக்கலாமே என்று மட்டும் நினைக்கக் கூடாது. அது ஃபோமை உள்ளே நுழைக்க வைத்தது. துவைத்துச் சுருங்கினால் திரும்ப ஏறாது.

வந்தவர் ஜன்னல்களைத் திறந்து, அடுப்பை அணைக்கச் சொல்லி, மறைவான இடத்தில் வெள்ளைத் துணியால் சாயம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கறையைத் தொட்டார். கறை போனது. இழை பாதிதான் எழுந்தது. முழுசாக வராது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். பக்கவாட்டில் பார்த்தால் வளையம் இன்னும் தெரிகிறது.

வீட்டில் இதைவிட வசதியான இருக்கை வேறு இல்லை. ஆனாலும் தோழிக்கு நான் சொன்னது: வாங்காதே, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பாலியஸ்டர் வெல்வெட்டில் அதே மாடல் இருக்கிறதா என்று கேள். லேபிள் இல்லாவிட்டால் துணியின் கேட்டலாக்கைக் காட்டச் சொல். இரண்டையும் காட்டாத கடையில் அட்வான்ஸ் கொடுக்காதே.